பிசைந்த கை

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், செகண்ட் லைன் பீச் என்று ஆங்கிலேயர் காலத்துப் பெயரிலேயே இன்றும் வழங்கிவருகிற தெருவில், மாலை நான்கு மணிக்கு மேல் பூண்டு பொரிகிற வாசனை எழும்பினால், அத்தோக் கடைக்காரர்கள் அடுப்பு மூட்டிவிட்டார்கள் என்று அந்தப் பக்கம் நடமாடுகிற எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். அந்த வாசனைக்கு ஏறக்குறைய நாற்பத்தைந்து வருஷ காலம் நானும் ஒரு காரணகர்த்தாவாக இருந்திருக்கிறேன். முதலில் ஒரு தள்ளுவண்டியும் ஆறு முக்காலிகளும். பிறகு, எட்டுப் பேர் முழங்கை இடிக்க உட்காரக்கூடிய ஒரு சிறு கடை. அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். பெயர்ப்பலகையில் என்னவோ எழுதி வைத்திருந்தேன். ஆனால் வாடிக்கைக்காரர்களுக்கு அது கடைசிவரை ‘பர்மா கடை’தான்.

பர்மிய மொழியில் ‘தோ’ என்றால் கையால் கலந்து பிசைவது; பிசைந்த பதார்த்தம் ‘அதோ’. அந்தச் சொல்லை அவர்கள் உச்சரிக்கும்போது இறுதியில் தொண்டையை அடைத்தாற்போலச் சட்டென்று நிறுத்துவார்கள். சென்னை நாவுக்கு அவ்வளவு திடீர் நிறுத்தம் வசப்படவில்லை. ஆகவே அது நடுவில் ஒரு தகரத்தை அழுத்தி ‘அத்தோ’ என்று ஆக்கிக்கொண்டது. நூடுல்ஸைப் பிசைந்தால் ‘கவ்ஸ்வே தோ’, புளிக்கவைத்த தேயிலையைப் பிசைந்தால் ‘லபெ தோ’, இஞ்சியைப் பிசைந்தால் ‘ஜின் தோ’, இந்தியர்கள் கொண்டுபோன சமோசாவை உடைத்துப் பிசைந்தால் அதுவும் ஒரு ‘தோ’. இப்படிப் பிசைந்து பரிமாறும் பதார்த்தங்கள் அந்நாட்டில் அநேகம். நாமும் பிசைந்து சாப்பிடுகிற ஜனங்கள்தாம். ஆனால் நம் ஊரில் சாப்பிடுகிறவன் தன் கையால் பிசைந்துகொள்கிறான்; அங்கே விற்கிறவள் பிசைந்து கொடுக்கிறாள். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த வித்தியாசத்துக்குள்தான் என் தொழிலின் கஷ்டங்களில் பாதி அடங்கியிருந்தது.

நான் பிறந்தது 1951-ல், ரங்கூனில். என் தகப்பனாருக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் ஜில்லா. பாட்டனார் 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, லட்சக்கணக்கான ஜனங்களோடு காடும் மலையும் கடந்து இந்தியாவுக்கு நடந்தே வந்து சேர்ந்தவர். யுத்தம் முடிந்ததும் அப்பா மறுபடியும் கப்பலேறிப் போய், மொகல் தெருவில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதும் உத்தியோகத்தில் அமர்ந்தார். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். 1964 மார்ச்சில் பெரிய கடைகளையும் மொத்த வியாபாரங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதத்தில் ஐம்பது கியாட், நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பாவின் உத்தியோகம் மார்ச்சிலும் சேமிப்பு மே மாதத்திலும் போயின. கணக்கர் ஆகையால் இரண்டையும் தேதியோடு சொல்லுவார். அவ்விதம் கப்பலேறிய லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் நாங்கள் ஐந்து பேர், 1965-ல், இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு கல்லுரலும் சகிதமாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினோம். கல்லுரலை ஏன் தூக்கிவந்தாய் என்று அப்பா அம்மாவிடம் கேட்காத நாள் கிடையாது. 1970-ல் தள்ளுவண்டி போட்ட பிறகுதான் அந்தக் கேள்வி நின்றது.

அம்மா அந்தச் சமையலைக் கற்றது ரங்கூனில் எங்கள் தெருவுக்கு வரும் ஒரு பர்மியக் கிழவியிடம். பொழுது புலரும் வேளையில், கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிய வெளிர் மஞ்சளோடு, தோளில் காவடி போன்ற ஒரு தடியைச் சுமந்துகொண்டு அவள் வருவாள். ஒரு முனையில் தணலோடு கூடிய பானை. மறு முனையில் அரிசிச் சேமியா, கிண்ணங்கள், பொரியல் சாமான்கள். அவளை நாங்கள் ‘அடோ’ என்போம். அத்தை, சித்தி முறையைச் சுட்டுகிற பர்மியச் சொல் அது. அவள் விற்றது மொஹிங்கா. கெளுத்தி மீனை மஞ்சளும் எலுமிச்சைப் புல்லும் இட்டு வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்து, வெங்காயம் பூண்டு இஞ்சி மிளகாய் இடித்து வதக்கிய விழுதோடு சேர்த்து, வறுத்த அரிசிமாவைக் கரைத்து ஊற்றிக் குழம்பைத் தடிப்பாக்கி, இளம் வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் போட்டு, மீன் நீரால் உப்பேற்றி, சேமியாவின் மேல் வார்த்துக் கொடுப்பாள். பர்மியர்களுக்கு அது காலை ஆகாரம். நமக்கு இட்லி எப்படியோ அப்படி. அம்மா அந்தக் கிழவியிடம் பாடம் கேட்டாள் என்று சொல்ல முடியாது; அவள் அருகில் குந்தி உட்கார்ந்து பல வருஷங்கள் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவ்வளவே.

சென்னையில் பர்மாவிலிருந்து வந்தவர்களுக்காகத் துறைமுகத்துக்கு எதிரே 1969-ல் பர்மா பஜார் ஏற்பட்டது. அப்பாவுக்கு அதில் கடை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், டிரான்சிஸ்டரும் சென்ட் பாட்டிலும் விற்கும் சாமர்த்தியம் அவரிடம் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அம்மாதான், பஜாரில் அத்தனை பர்மாக்காரர்கள் கடை வைத்திருக்கிறார்களே, சாயங்காலம் அவர்களுக்குப் பசிக்காதா என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் எங்கள் மூலதனம். நாங்கள் குடியிருந்த வியாசர்பாடியிலிருந்து பானையும் சாமான்களுமாக நானும் அம்மாவும் வந்து, வண்டியை நிறுத்தி, அசல் மொஹிங்காவையே, மீனும் மீன் நீரும் ஙப்பி என்கிற மீன் ஊறல் விழுதும் குறைவின்றிச் சேர்த்துக் காய்ச்சி வைத்தோம். பஜார்க்காரர்கள் கண்ணீர் வராத குறையாகச் சாப்பிட்டார்கள். ஆனால் பஜார்க்காரர்களை மட்டும் நம்பி ஒரு பானை காலியாகாது. துறைமுகத் தொழிலாளிகளும் பாங்கு குமாஸ்தாக்களும் ரயிலுக்கு விரைகிறவர்களும் எங்கள் வண்டிக்குப் பத்தடி தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போனார்கள். முதல் வாரத்தில் நாள்தோறும் அரைப் பானை சாக்கடைக்குப் போயிற்று. அதையும் அப்பா கணக்கில் எழுதினார்.

எட்டாம் நாள் அம்மா ஙப்பியை நிறுத்தினாள். அடுத்த வாரம் மீன் நீரை. அதற்கடுத்து மீனையே நிறுத்தினாள். மீன் போன பிறகு மிஞ்சியது வாழைத்தண்டு. ரங்கூனில் மீனுக்குத் துணையாக நின்ற தண்டு, சென்னையில் கதாநாயகனாகிவிட்டது. கொத்தவால் சாவடியில் தண்டுக்குக் குறைவில்லை. நம் ஸ்திரீகளுக்கோ தண்டு பரிச்சயமான பண்டம். வில்லைகளாக அரியும்போதே ஒவ்வொரு வெட்டுக்கும் எழும்புகிற நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். ஒரு தண்டை அரிந்து முடிக்கையில் விரலில் நூற்கண்டு போல நார் சேர்ந்திருக்கும். அவ்விதம் எடுக்காத தண்டு எவ்வளவு வெந்தாலும் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு சமைத்தவன் பெயரைக் கெடுக்கும். அம்மா இந்த விஷயத்தில் யமன். நான் அரிந்த தண்டில் ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்து, நடுவில் நார் இழை தொங்கினால், முழுக் கூடையையும் திரும்ப என் பக்கம் தள்ளிவிடுவாள். அந்தத் தண்டுச் சாற்றைத்தான் இன்றைக்கு அத்தோவுக்குத் தொட்டுக்கொள்ள, கேட்டபோதெல்லாம் இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் எல்லாக் கடைகளிலும் பரவியிருக்கிறது. இரண்டாம் முறை சாறு கேட்பவரை முகம் சுளிக்காமல் பார்க்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது.

ஆனாலும் வண்டியை நிலைநிறுத்தியது சாறு அல்ல, அத்தோதான். அத்தோவை நிலைநிறுத்தியது பூண்டு எண்ணெய். இதைப்பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லுவதற்கு வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். ஏனென்றால் என் கடையில் நான் வேறெவரையும் தொடவிடாத ஒரே வேலை இது. உரித்த பூண்டைக் காகிதம் போல, ஆனால் ஒரே கனமாக, சீவ வேண்டும். ஒன்று தடித்து ஒன்று மெலிந்தால் மெலிந்தது கருகிய பிறகே தடித்தது வேகும். கடலை எண்ணெயைக் காயவைத்துப் பூண்டைப் போடுகிறவன் கற்றுக்குட்டி. எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே பூண்டைப் போட்டு, தணலைக் குறைத்து வைத்து, இரண்டும் சேர்ந்தே சூடேறும்படி விடவேண்டும். முதலில் ஈரம் வெளியேறும் சலசலப்புக் கேட்கும். சத்தம் அடங்கிவருகிற தருணத்தில், வைக்கோலின் நிறம் தோன்றும்போதே அரித்து எடுத்துவிட வேண்டும். பொன்னிறம் வரட்டுமென்று காத்திருந்தால் போச்சு. எண்ணெயை விட்டு வெளியே வந்த பிறகும் பூண்டு தன் சூட்டிலேயே சிறிது நேரம் பொரிந்துகொண்டிருக்கும். அதே எண்ணெயில் பிற்பாடு வெங்காயத்தைச் சிவக்கப் பொரித்து எடுத்தால், இரண்டின் ஸாரமும் இறங்கிய ஓர் எண்ணெய் மிஞ்சும். அதுதான் எங்கள் நெய்.

ஒரு மழை நாளில், குடைக் கம்பியைச் சரிசெய்யப் போன அரை நிமிஷத்தில் ஒரு சட்டி கருகிற்று. இரண்டு கிலோ பூண்டாயிற்றே என்ற லோபத்தினால் மேலாகக் கருகியதை மட்டும் ஒதுக்கிவிட்டு அந்த எண்ணெயையே உபயோகித்தேன். கசப்பை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தினம் வருகிற ஒருவர் பாதித் தட்டை வைத்துவிட்டு, காசு முழுதும் கொடுத்து, “வர்றேன் தம்பி” என்று விடைபெற்றுப் போனார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. வைதுவிட்டுப் போயிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன்.

பிசைவதற்கு ஒரு கிரமம் உண்டு. அகன்ற பாத்திரத்தில் வேகவைத்து எண்ணெய் தடவிய நூடுல்ஸ் இரண்டு கைப்பிடி. அதன் ஆரஞ்சு நிறம் சென்னையில் நாங்கள் ஏற்றியது. ரங்கூனில் பார்த்தது இவ்வளவு பளிச்சென்று இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதன்மேல் நூலாக அரிந்த முட்டைகோஸ், பச்சை வெங்காயம், உப்பு, வறுத்து இடித்த மிளகாய், பொட்டுக்கடலை மாவு. பிறகு புளி நீர். பிறகு பூண்டு எண்ணெய். மாவை முன்னால் போடுவதன் ரகசியம், புளி நீர் அடியில் தேங்கிவிடாமல் நூடுல்ஸோடு ஒட்டிக்கொள்ளும் என்பதே. இவ்வளவும் சேர்ந்தபின் விரல்களைச் சற்றே விரித்து, அடியிலிருந்து மேலாகத் தூக்கி உதறிப் பிசைய வேண்டும், அழுத்தினால் கூழாகும். பொரித்த வெங்காயமும் பூண்டும் கொத்தமல்லியும் பிறகு. எல்லாவற்றுக்கும் கடைசியில், கடலைப்பருப்பை அரிசிமாவில் தோய்த்துத் தட்டையாகப் பொரித்த பேஜோவை நொறுக்கித் தூவி, மேற்கொண்டு பிசையாமல் தட்டில் எடுத்துவிட வேண்டும். முந்திப் போட்டால் அது ஊறிச் சவசவத்துவிடும். உப்பு, புளிப்பு, ஈரம் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று நாவால் பார்க்க ஏது அவகாசம்? விரல்தான் பார்த்துச் சொல்லும். ஈரம் மிகுந்த அத்தோ விரலில் வழுக்கும், குறைந்தது பற்றும்.

இந்த விரல்களைத்தான் சென்னை சந்தேகித்தது. முன்பின் தெரியாத ஒருவன், என்ன ஜாதியோ, எந்தத் தேசமோ, கண்ணெதிரே கையால் பிசைந்து கொடுக்கிற சோற்றைப் பணம் கொடுத்து வாங்கிச் சாப்பிடுவது என்பது 1970-ல் பலருக்குச் சுலபமான காரியமல்ல. வருகிறவர்கள் முதலில் என் கையைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை. நெற்றியில் விபூதியும் கையில் டிபன் செட்டுமாக ஒரு பாங்கு குமாஸ்தா, மூன்று நாள் சற்று எட்ட நின்று பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் அருகில் வந்து, “ஏம்ப்பா, மீன் கீன் உண்டோ?” என்றார். இல்லை என்றேன். “கையலம்பிண்டியோ?” என்றார். அவர் எதிரேயே அலம்பினேன். “அந்த முட்டையைத் தொட்ட கையோ இது?” என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவித்த முட்டையைப் பிளந்து, பொரித்த வெங்காயமும் பூண்டு எண்ணெயும் புளி நீரும் மிளகாயும் உள்ளே அடைத்து, ஒரே வாயில் போட்டுக்கொள்ளும்படி கொடுப்பதும் எங்கள் வண்டியில் உண்டு; அதையும் நானேதான் செய்துகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து முட்டையை அம்மா எடுத்துக்கொண்டாள். என் வலக்கை முட்டையைத் தொடுவதில்லை என்று ஒரு நியமம் ஏற்பட்டது. அந்த மனிதர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவரையில், ஏறக்குறைய பதினெட்டு வருஷம், வாரத்தில் நான்கு நாள் வந்தார். தம் வீட்டில் இந்த விஷயம் தெரியாது என்று ஒரே ஒரு தடவை என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அவர் வருவது நின்ற பிறகும் அந்த நியமத்தை நான் விடவில்லை. ஏன் என்று கேட்ட உதவிப் பையன்களிடம் வாஸ்து என்று சொல்லிவைத்தேன்.

எழுபதுகளின் இறுதியில் ஒரு மாலை, லுங்கி கட்டிய மூன்று பேர் வண்டிமுன் வந்து நின்றார்கள். முடிச்சுப் போட்டிருந்த விதத்தைக் கொண்டே பர்மியர்கள் என்று அம்மா கண்டுகொண்டாள். துறைமுகத்துக்கு வந்த கப்பலின் மாலுமிகள். பதின்மூன்று பதினான்கு வருஷமாக வாயில் வராத பாஷை எனக்கு அன்று தட்டுத்தடுமாறி வந்தது. அம்மாவுக்கோ அருவி போலக் கொட்டிற்று. அவர்கள் நான் பிசைவதை உற்றுப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது சென்னைக்காரர்கள் பார்ப்பதைப்போல அல்ல. ஒரு தச்சன் இன்னொரு தச்சன் இழைப்பதைப் பார்ப்பதுபோல. மூத்தவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, இது என்ன என்று கேட்டான். அத்தோ என்றேன். அவன் சிரித்து, “கலா தோ” என்றான்.

‘கலா’ என்பது பர்மியர்கள் இந்தியரைக் குறிக்கும் சொல். ரங்கூனில் அது எங்கள் காதில் பலவிதமாக விழுந்திருக்கிறது. பெரும்பாலும் நல்லவிதமாக அல்ல. அங்கே கலாவாக இருந்து, இங்கே வந்தபின் தெருவில் ‘பர்மாக்காரன்’ என்று பெயரெடுத்தவன் நான். அந்தப் பெயருக்கு ஆதாரமாக நான் காட்டிக்கொண்டிருந்த பதார்த்தத்தையும் அவன் ஒரு வார்த்தையில் கலாவாக்கிவிட்டான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் இகழ்ச்சியாகச் சொன்னதாகத் தெரியவில்லை. மேற்கொண்டு இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டான். மீன் நீர் இருந்தால் கொஞ்சம் விடு என்றான். இல்லை என்றதும், போகட்டும், பூண்டு நன்றாயிருக்கிறது என்றான். அவர்கள் போனபின் அம்மா வெகுநேரம் பேசாமல் முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள்.

1983-ல் கடைக்கு மாறினோம். அதற்குப் பிற்பட்ட வரலாறு எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான்: வாடகை, ஆள், காஸ் அடுப்பு, 1996-ல் கொத்தவால் சாவடியின் காய்கறி வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனதால் தண்டுக்காக விடியுமுன் செய்யவேண்டிய பஸ் பிரயாணம், கார்த்திகை மழையில் முட்டைகோஸ் விற்கிற விலை. சொல்லத்தக்கது இரண்டே விஷயங்கள். ஒன்று, ‘ஃப்ரை அத்தோ’. பிசைந்ததைத் தோசைக்கல்லில் கொட்டிக் கரண்டியால் கொத்தி வறுத்துக் கொடுப்பது. பிசைவதற்கே பெயரான ஒன்றைப் பொரித்துக் கொடுப்பது சொல்லளவிலேயே முரண். கோஸின் கறுமுறுப்பும் புளியின் பச்சை வாசனையும் அதில் செத்துப்போகின்றன என்பது என் அபிப்பிராயம். இளைஞர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். என் மகன் அதைப் போட்டுத்தான் கடை வாடகையைக் கட்டுகிறான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

மற்றொன்று கையுறை. சுகாதாரத்துக்கு அவசியம் என்கிறார்கள், மறுப்பதற்கில்லை, வாடிக்கைக்காரர்களும் அதை விரும்புகிறார்கள். நானும் கடைசிச் சில வருஷங்கள் அணிந்தேன். மெல்லிய பிளாஸ்டிக்தானே என்று நினைப்பீர்கள்; அதற்குள் புகுந்த விரலுக்கு வழுக்குவதும் பற்றுவதும் ஒன்றாகவே தோன்றுகிறது. நாற்பது வருஷம் உப்பே பார்க்காமல் பிசைந்தவன், கையுறை மாட்டிய முதல் நாள் ஒவ்வொரு தட்டிலும் ஒரு துளி எடுத்து நாவில் வைத்துப் பார்க்கும்படி ஆயிற்று.

அம்மா 2003-ல் காலமானாள். அதற்கு முந்தின வருஷம், படுக்கையோடு இருந்தபோது, ஒரு நாள் திடீரென்று மொஹிங்கா வேண்டும் என்றாள். கடைச் சாறு அல்ல, அடோவின் மொஹிங்கா. காசிமேட்டுக்குப் போய்க் கெளுத்தி மீன் பொறுக்கி வாங்கினேன். ஙப்பிக்குக் கருவாட்டை இடித்து ஈடு செய்தேன். யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து எலுமிச்சைப் புல் கிடைத்தது. பழைய கல்லுரலில் மசாலா இடித்தேன். முப்பது வருஷத்துக்குமேல் எங்கள் அடுப்பில் எழும்பாதிருந்த அந்த வாசனை தெருமுனைவரை போயிற்று. அரிசிச் சேமியாவைக் கிண்ணத்தில் போட்டுக் குழம்பை வார்த்து, பேஜோவை நொறுக்கி, ஸ்பூனால் அவளுக்கு விழுங்கச் சிரமமாயிருக்குமென்று, முள் ஏதும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கையாலேயே பிசைந்து ஊட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு வெகு நிதானமாக மென்றாள். நான் காத்திருந்தேன். பிறகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“நாரு” என்றாள்.